சின்னவிரல் விறைத்தால் முழங்கையைப் பாருங்கள்

கை விறைக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் தீர்ப்புத் தயாராக இருக்கும். வயது போனவர் என்றால் வாதம். சீனி வருத்தக்காரர் என்றால் சீனி. இளம் ஆட்கள் என்றால் நரம்புத் தளர்ச்சி. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான், எண்ணெய் போட்டு உருவிவிடுவது. இப்படியே மாதக்கணக்கில் போன பிறகு, போத்தல் மூடியைத் திறக்க முடியவில்லை என்று கிளினிக்குக்கு வருவார்கள். அதற்குள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றத் தொடங்கியிருக்கும்.

இவர்களில் பலருக்கு நடந்திருப்பது, முழங்கையிலோ முன்கையிலோ ஒரு நரம்பு நெரிபடுவது. வயலில் தண்ணீர் ஏறாவிட்டால் காய்ந்த வரவையைக் கொத்திக்கொண்டிருக்க மாட்டோம். வாய்க்காலோடு மேலே நடந்து எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்போம். கையிலும் விறைப்புத் தெரியும் இடம் ஒன்று, அடைப்பு இருக்கும் இடம் வேறொன்று.

பிசியோதெரபிப் பக்கம் நின்று நாளும் கைகளைப் பார்க்கிறவன் என்ற முறையில், முதல் தடவை கை விறைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டிலேயே சந்தேகத்தை ஓரளவு குறுக்கிக்கொண்டு போனால், ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) கிடைக்கும் சில நிமிடங்களில் வைத்தியரிடம் சரியானதைச் சொல்லலாம். இதைப் படித்துவிட்டுத் தானே வைத்தியம் தொடங்க வேண்டாம்.

ஒன்று முதலில். விறைப்புத் திடீரென்று வந்து, கூடவே வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, அதே பக்கத்துக் காலும் பலமிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். நெஞ்சு நோவோடும் வியர்வையோடும் இடது கை விறைத்தால் மாரடைப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மீதிக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம்.

படி 1: விறைக்கும் இடத்தைக் கையிலேயே வரையுங்கள்

ஒரு பேனையும் ஒரு பஞ்சுத் துணுக்கும் எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் உள்ள ஒருவரைப் பஞ்சால் உங்கள் விரல்களையும் உள்ளங்கையையும் புறங்கையையும் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். மற்றக் கையில் தெரிவதுபோல் தெரியாத இடத்தையெல்லாம் பேனையால் சுற்றி வரையட்டும். வரைந்த கையைப் போனில் படம் எடுத்து, திகதியும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்துக்காக எந்த வைத்தியரும் உங்களைக் கோபிக்க மாட்டார்.

"கை முழுக்க விறைக்குது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் வரைந்து பார்த்தால் பெரும்பாலும் முழுக்க இராது. மூன்று நரம்புகள் கையைப் பங்குபோட்டிருக்கின்றன.

சின்னவிரலும் மோதிரவிரலின் பாதியும் அல்னர் நரம்பின் பங்கு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சின்னவிரல் வரை கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான். முழங்கையின் உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால், தோலுக்கு நேர் கீழே, ஒரு சின்னக் குழிக்குள் ஓடுகிறது. மேலே சதை மெத்தை ஏதும் இல்லை. கையில் நரம்பு நெரிபடுவதில் மணிக்கட்டுக்கு அடுத்தபடி அதிகம் நடப்பது இங்கேதான்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் மற்றப் பாதி ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்கம் மீடியன் நரம்பினுடையது. பெருவிரலின் பின்பக்கமும் அதைச் சுற்றிய புறங்கையும் ரேடியல் நரம்பினுடையது.

மோதிரவிரலில் கொஞ்சம் மினக்கெடுங்கள். அதன் சின்னவிரல் பக்கத்து ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், பிறகு நடுவிரல் பக்கத்து ஓரத்தை. ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மந்தமாக இருந்தால், சிக்கல் கையில் ஓடும் நரம்பில்தான் என்பதற்கு அது நல்ல அடையாளம். கழுத்து முள்ளெலும்புகளுக்கிடையில் நரம்பு நெரிபட்டால் விரல் இப்படி நடுவாகப் பிரியாது. முழு விரலும் சேர்ந்தே விறைக்கும்.

அடுத்து புறங்கை. சின்னவிரல் விறைப்போடு, சின்னவிரல் பக்கத்துப் புறங்கைத் தோலும் விறைத்தால் முழங்கையைச் சந்தேகியுங்கள். அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே மணிக்கட்டில் மட்டும் நெரிபட்டவருக்குப் புறங்கை தப்பிவிடும். அதேபோல் பெருவிரலின் அடியில் உள்ளங்கை மேடும் விறைத்தால், மீடியன் நரம்பு மணிக்கட்டில் அல்ல, முன்கையில் நெரிபடலாம்.

மூன்றாவது, விறைப்பு மணிக்கட்டுக் கோட்டைத் தாண்டி மேலே ஏறுகிறதா? முன்கையின் உட்பக்கத் தோல், சின்னவிரல் பக்கமாக முழங்கை வரை, அல்னர் நரம்பினுடையது அல்ல. அங்கேயும் விறைத்தால் கழுத்தையும் தோளையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கவனித்திருந்தால் எத்தனையோ பேருக்கு முழங்கையில் வீணாக ஊசி ஏறியிருக்காது.

படி 2: எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

எந்த வேலையில் வருகிறது என்பதைக் கேட்டுத்தான் பாதி விடை கிடைக்கிறது. ஆனால் முதலில் கிடைக்கும் பதிலை நம்பிவிடக் கூடாது. மருதமுனையில் கைத்தறியில் இருக்கும் ஒரு பெரியவரோடு நடந்த பேச்சு இது:

"எப்ப விறைக்குது காக்கா?"

"தறியிலதான் தம்பி. வேற என்ன வேலை எனக்கு."

"விடியச் சாமம் எழும்பக்குள்ள?"

"ஓ, அப்பயும்தான். சின்னவிரல் இருக்கா இல்லையா எண்டே தெரியாது. கையை உதறினா மறுகா சரியாயிரும்."

"போன் பேசக்குள்ள?"

கொஞ்சம் யோசித்தார். "மகன் கத்தார்ல இருந்து எடுப்பான். ஒரு மணித்தியாலம் போகும். இடையில மற்றக் கைக்கு மாத்திப் பிடிப்பேன், விறைக்கிறதால."

தறியில் அவருடைய முழங்கை மடங்கி நிமிர்ந்துகொண்டே இருக்கிறது. போனிலும் தூக்கத்திலும் மடங்கியபடியே கிடக்கிறது. அல்னர் நரம்புக்கு அதிகம் ஒவ்வாதது இந்த இரண்டாவதுதான். முழங்கையை மடக்கும்போது நரம்பு அந்த எலும்பு மேட்டைச் சுற்றி இழுபடும், அது ஓடும் குழாயும் ஒடுங்கும். தலைக்குக் கீழே கையை மடக்கி வைத்துத் தூங்குகிறவர்களுக்கு இரவு முழுக்க இதே கதை.

மடக்குவது ஒன்று, ஊன்றுவது இன்னொன்று. கடைக் கண்ணாடிப் பெட்டியில் முழங்கை ஊன்றி நிற்கும் முதலாளி, தையல் மெஷின் பலகையின் விளிம்பில் கையை வைக்கும் அக்கா, மேசையில் முழங்கை குத்திப் படிக்கும் ஏஎல் பிள்ளை, ஆட்டோவின் பக்கக் கம்பியில் கையைச் சாய்த்து ஓட்டுகிறவர் எல்லாரும் அந்தக் குழியின் மேலேயே பாரத்தை ஏற்றுகிறார்கள்.

மீடியன், ரேடியல் இரண்டுக்கும் கதை வேறு. அவை முன்கைச் சதைகளுக்கு நடுவே நுழைந்து போகின்றன. கையைத் திருப்பித் திருப்பி, இறுக்கிப் பிடித்துச் செய்யும் வேலைகள் அவற்றை நெரிக்கும். கல்யாண வீட்டுக்குத் திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவுவது, ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது, திருப்புளியால் நாள் முழுக்க ஆணி முறுக்குவது, வாவியில் வீச்சுவலை எறிந்து இழுப்பது எல்லாம் இதில் அடங்கும். வளைகுடாவில் வீட்டுவேலை செய்து திரும்பிய பெண்களிடம் இந்த முன்கை உளைவை நிறையக் கேட்கலாம். துணி பிழிந்ததைச் சொல்லமாட்டார்கள், அதை ஒரு வேலையாகவே கணக்கெடுப்பதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

படி 3: வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்

இரண்டு கைகளையும் சேர்த்துச் சோதியுங்கள். நல்ல கைதான் அளவுகோல்.

*மடக்கிப் பார்ப்பது.* இரண்டு முழங்கைகளையும் முழுதாக மடக்கி, மணிக்கட்டைப் பின்பக்கம் சற்று வளைத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். அதற்குள் சின்னவிரல் கூசி விறைக்கத் தொடங்கினால் அல்னர் சந்தேகம் வலுக்கிறது. நீண்ட நேரம் வைத்திருந்தால் சுகமான ஆட்களுக்கும் விறைக்கும், ஆகவே நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

*கடதாசிச் சோதனை.* இது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் ஏமாற்ற முடியாது. ஒரு கடதாசியை இரண்டு கைகளாலும் பிடியுங்கள். பெருவிரலின் தட்டையான பக்கத்துக்கும் சுட்டுவிரலின் ஓரத்துக்கும் நடுவில் அது இருக்க வேண்டும், பெருவிரல்கள் நேராக. இப்போது கடதாசியைக் கிழிப்பதுபோல் இரண்டு பக்கமும் இழுங்கள். பெருவிரலின் நுனி மூட்டைப் பாருங்கள். நல்ல கையில் அது கிட்டத்தட்ட நேராகவே நிற்கும். அல்னர் பலவீனப்பட்ட கையில் நுனி மூட்டுச் சட்டென்று மடங்கிக் கடதாசியை நகத்தால் கொக்கி போடும். பெருவிரலை உள்ளே இழுக்கும் சதை கைவிட்டதால், மீடியன் நரம்பின் சதை கைகொடுக்கிறது என்று அர்த்தம்.

*விரல் குறுக்கு.* சுட்டுவிரலின் மேல் நடுவிரலைக் குறுக்காகப் போடுங்கள். நல்ல கையில் சுலபம். அல்னர் கையில் விரல் ஏறாது.

*பள்ளம்.* புறங்கையை வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைச் சதையை இரண்டு கையிலும் ஒப்பிடுங்கள். ஒன்றில் பள்ளம் விழுந்திருந்தால் இனி வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

சோதனை செய்யாமலே சில அடையாளங்கள் தெரியும். சட்டைப் பையில் கை விடும்போது சின்னவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு விளிம்பில் மாட்டும். சோறு பிசையும்போது கடைசி இரண்டு விரலும் சேராமல் அந்த இடுக்கால் சோறு வழியும். திறப்பைப் பூட்டில் போட்டுத் திருகும்போது கை தளரும். வீட்டில் மற்றவர்கள் இதை முதலில் கவனிப்பார்கள்.

மீடியன் நரம்புக்கு: கையை நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் உள்ளங்கையைக் கீழே திருப்ப முயலுங்கள். முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, முன்கையின் முன்பக்கத்தில் உளைவு கிளம்பி முதல் மூன்று விரல்களும் கூசினால் முன்கையில் நெரிவு இருக்கலாம். மணிக்கட்டு நெரிவு இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். முன்கை நெரிவு பெரும்பாலும் வேலை செய்யும்போதுதான் வரும்.

இதே நரம்பின் ஒரு கிளை விறைப்பே இல்லாமல் பலத்தை மட்டும் எடுத்துவிடும். பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடுங்கள். வட்டம் வராமல் நசுங்கி, இரண்டு விரலும் தட்டையாக ஒட்டினால் அந்தக் கிளைதான். சில நாள் கடும் தோள் நோவு இருந்து, அது விட்டபின் இப்படி ஆனால் நெரிவை விட நரம்பு அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

ரேடியல் நரம்பில்தான் குழப்பம் கூட. முழங்கையின் வெளிப்பக்கம் நொந்தால் எல்லாரும் டென்னிஸ் எல்போ என்றே முடிவெடுப்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் எங்கே அழுத்தினால் நோகிறது என்று பாருங்கள். எலும்பு மேட்டின் மேலேயே நொந்தால் தசைநார், அதாவது டென்னிஸ் எல்போ. அதற்கு மூன்று நான்கு விரல் அகலம் கீழே, சதைக்குள் ஆழமாக நொந்தால், அங்கே ரேடியல் நரம்பின் ஆழக் கிளை நெரிபடலாம். பட்டி கட்டி, ஊசி போட்டு, மாதக்கணக்கில் மாறாத டென்னிஸ் எல்போவைத் திரும்பப் பார்க்கும்போது இந்த இடத்தை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் விறைப்பு இராது, உளைவு மட்டும்தான்.

அதே கிளை பலமாக நெரிபட்டால் விரல்கள் அடிமூட்டில் நிமிராது. மணிக்கட்டைத் தூக்கலாம், ஆனால் பெருவிரல் பக்கமாகச் சரிந்து தூக்கும். மணிக்கட்டே தொங்கிப் போனால் நெரிவு இன்னும் மேலே, மேற்கையில். கதிரையின் முதுகில் கையைத் தொங்கப்போட்டு அசந்து தூங்கிவிட்டு விடிய எழும்பும்போது கை தொங்குவது இதுதான். பெரும்பாலும் வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகத் திரும்பும். ஆனாலும் உடனே காட்டுங்கள், பக்கவாதம் இல்லை என்று உறுதிசெய்யவும், மணிக்கட்டுக்குத் தாங்கி போடவும்.

பெருவிரலின் பின்பக்கம் மட்டும் எரிந்து விறைத்தால் முதலில் காப்பைக் கழற்றுங்கள். இறுக்கமான வளையல், மணிக்கூட்டுப் பட்டி, கையில் வரிந்து கட்டிய நூல் எல்லாம் மணிக்கட்டுக்கு மேலே தோலோடு ஓடும் ரேடியல் கிளையை நெரிக்கும். இதைப்போல் மலிவாகத் தீரும் வருத்தம் வேறில்லை.

படி 4: முழங்கை அல்லாத காரணங்களைத் தள்ளுங்கள்

இரண்டு கையும் ஒரேபோல் விறைத்து, காலும் கூட விறைத்தால் ஒரு நரம்பு நெரிவு அல்ல. சீனி, பி12 குறைவு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் சீனி உள்ளவருக்கு நரம்பு நெரிவும் இலகுவாக வரும். ஆகவே சீனி இருக்கிறது என்பதற்காக முழங்கையைப் பார்க்காமல் விடக் கூடாது. தைரொயிட் குறைவும் இப்படித்தான்.

தலையை நிமிர்த்தி நோகும் பக்கம் சரிக்கும்போது தோளிலிருந்து விரல் வரை சுள்ளென்று ஓடினால் கழுத்து.

சின்ன வயதில் மாமரத்தாலோ சைக்கிளாலோ விழுந்து முழங்கை முறிந்திருக்கிறதா என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். சரியாகப் பொருந்தாத முறிவால் கை வெளிப்பக்கம் வளைந்து வளர்ந்தால், அல்னர் நரம்பு வருடக்கணக்கில் இழுபட்டு, இருபது முப்பது வருடம் கழித்தும் விரல் விறைக்கும். இரண்டு கையையும் நீட்டி உள்ளங்கையை முன்னே காட்டி நின்றால் வளைவு தெரியும்.

அப்புறம் யாரும் பேச விரும்பாத ஒன்று, தொழுநோய். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் அதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்ததால், அது அந்தக் காலத்து வருத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். கிழக்கில் இன்றும் புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அந்தக் கிருமிக்கு முழங்கை அல்னர் நரம்பு மிகப் பிடித்த இடம். எலும்பு மேட்டுக்குச் சற்று மேலே நரம்பு தடித்துக் கயிறாகத் தட்டுப்பட்டாலோ, உடம்பில் எங்காவது நிறம் மங்கிய, தொட்டால் தெரியாத தேமல் இருந்தாலோ தோல் வைத்தியரிடம் போங்கள். ஆறு அல்லது பன்னிரண்டு மாதக் கூட்டு மருந்து, இலவசம், முழுக்கக் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவர்களுக்குத் தொற்றாது. மறைத்தால்தான் விரல் மடங்கிப் போகும்.

படி 5: எங்கே போவது, என்ன சொல்வது

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடி போதும். அங்கிருந்து எலும்பு கிளினிக்குக்கோ நரம்பு கிளினிக்குக்கோ கடிதம் தருவார்கள். வாவியின் இரண்டு கரைகளான எழுவான்கரை, படுவான்கரை ஆட்களுக்கு அது பெரும்பாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையாக இருக்கும். அம்பாறை மாவட்டத்தில் அம்பாறைப் பொது வைத்தியசாலையும் கல்முனையின் இரண்டு ஆதார வைத்தியசாலைகளும் உள்ளன.

"கை ஏலாது டொக்டர்" என்று தொடங்காதீர்கள். எந்த விரல், எப்போது தொடங்கியது, எந்த வேலையில் கூடுகிறது, எந்தப் பொருள் கையிலிருந்து விழுகிறது, இந்த நான்கையும் சொல்லி, போனில் உள்ள படத்தைக் காட்டுங்கள். சீனி, தைரொயிட், பழைய முறிவு, சாப்பிடும் குளிசைகள் பற்றியும் சொல்லுங்கள்.

நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை எழுதித் தரலாம். தோலில் சின்னக் கரண்ட் கொடுத்து, முழங்கையைக் கடக்கும்போது நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று பார்ப்பார்கள். செக்கனுக்கு 50 மீற்றருக்குக் குறைந்தால் அங்கே தடை என்று எடுப்பார்கள். அன்றைக்குக் கையில் எண்ணெய், கிரீம் பூசிக்கொண்டு போக வேண்டாம். கை குளிர்ந்திருந்தாலும் வேகம் பொய்யாகக் குறையும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஆரம்ப நிலையில் முடிவு சரியாகவே வரலாம்; முன்கை நெரிவுகளில் அடிக்கடி அப்படித்தான் வரும். ஆகவே சோதனை நல்லது என்று சொன்னாலும், விறைப்புக் கூடிக்கொண்டு போனால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. கை தொங்குவது, சதை வற்றுவது, விறைப்பு ஒரு நிமிடமும் விடாமல் நிற்பது, அடிபட்ட பிறகு விறைப்பது இவற்றில் சில நாட்களுக்குள் காட்டுங்கள். முறிவுக்கு மட்டை கட்டிய பிறகோ மாவுக்கட்டுப் போட்ட பிறகோ நோவு தாங்க முடியாமல் கூடி, விரலை ஒருவர் நிமிர்த்தும்போது உயிர் போவதுபோல் நொந்தால் அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முறிவு வைத்தியர் கட்டியிருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியில் கட்டியிருந்தாலும் சரி. தாமதித்தால் முன்கைச் சதை செத்துவிடும்.

படி 6: அதுவரை வீட்டில்

அல்னர் நெரிவு லேசாக இருந்தால் இரவை மாற்றுவதுதான் முதல் மருந்து. ஒரு பெரிய துவாயை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுருட்டி, கழன்று போகாமல் இரண்டு இடத்தில் கட்டுங்கள். கை கொஞ்சம் மடங்கலாம், முழுதாக மடங்கக் கூடாது, அவ்வளவுதான் தேவை. இறுக்கிக் கட்டினால் அதுவே நெரிக்கும். முதல் சில இரவு தூக்கத்தில் கழற்றி எறிவீர்கள். விடாமல் கட்டுங்கள். ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பார்க்கலாம்.

பகலில் போனுக்கு ஸ்பீக்கர் போடுங்கள். ஊன்றும் இடத்தில் மடித்த துணி வையுங்கள், முடிந்தால் ஊன்றுவதையே விடுங்கள். மருந்தடிக்கும் டாங்கியின் கைப்பம்பை நாள் முழுக்க ஒரே கையால் அடிக்காமல் மாற்றுங்கள். தேங்காய் திருவும்போது இடையிடையே கையைக் கழுவிக்கொண்டு எழும்பி நடவுங்கள், அல்லது வீட்டில் இன்னொருவரிடம் திருவலையைக் கொடுங்கள். இந்தக் கடைசி யோசனை பல வீடுகளில் எடுபடுவதில்லை என்பதும் தெரியும்.

எண்ணெய் பூசலாம், கேடில்லை. முழங்கையின் உட்பக்கக் குழியைப் பெருவிரலால் அழுத்தி உருவக் கூடாது. நெரிபட்ட நரம்பை இன்னும் நெரிப்பது அது. சுடுதண்ணி ஒத்தடத்திலும் கவனம். விறைத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அடுப்படியிலும் அப்படித்தான், சட்டியை நல்ல கையால் பிடியுங்கள்.

பார்மசியில் கேட்டு வாங்கும் பி விற்றமின் குளிசை, உடம்பில் குறைவு இருந்தால் உதவும். குறைவு இல்லாதவருக்கு அது நரம்பு ஓடும் குழாயை அகலமாக்கப் போவதில்லை. பி6 மட்டும் நீண்ட காலம் அதிக அளவில் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

இவ்வளவும் செய்தும் மாறாவிட்டால், அல்லது பலம் குறைந்துகொண்டு போனால், அறுவைச் சிகிச்சை பேசுவார்கள். பயப்படும்படியான ஒன்றல்ல. குழாயின் கூரையாக இருக்கும் இறுகிய நாரைத் திறந்துவிடுவார்கள். சிலருக்கு நரம்பை எலும்பு மேட்டின் முன்பக்கம் இடம் மாற்றுவார்கள். பயப்பட வேண்டியது தாமதத்துக்குத்தான். கெட்ட நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர்தான் வளரும். முழங்கையிலிருந்து கைச் சதை வரை ஒரு வருடம் அளவில் எடுக்கும். ஒன்று ஒன்றரை வருடம் நரம்பு இல்லாமல் கிடந்த சதை, நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் திரும்ப எழும்பாது. அதனால் பெரும்போகம் முடியட்டும், பெருநாள் போகட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு, பள்ளம் விழுந்த கையைக் காட்டி இந்தக் கணக்கைச் சொல்வேன்.

சிகிச்சைக்குப் பிறகு கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் முழங்கை இறுகிவிடும். திறந்துவிட்டவர்களுக்கும் இடம் மாற்றியவர்களுக்கும் கட்டுப்பாடு ஒன்றல்ல. எந்த நாளிலிருந்து மடக்கலாம், எப்போது பாரம் தூக்கலாம், தறிக்கோ வயலுக்கோ எப்போது திரும்பலாம் என்பதை வீட்டுக்குப் போக முன்னரே வார்டில் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.